அம்மாவைப் பெண் கேட்டு வந்தார்கள்

அத்தியாயம் 17

நினோஸ்கா கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே தெரு இல்லை. எதிர்வீட்டு மாமரம் இல்லை, விளக்குக் கம்பம் இல்லை. ஏரிப் பள்ளத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஏறி வந்த மேகம் கத்தரீனா ஊரையே மூடிப் படுத்திருந்தது. அதற்குள்ளே எங்கேயோ ஒரு சேவல் கூவியது. தண்ணீருக்கு அடியிலிருந்து கூவுவது போல இருந்தது.

இன்றைக்கு என்ன கிழமை என்று யோசித்தாள். ஞாயிறு. என்ன ஞாயிறு என்பதும் அடுத்த நொடியே நினைவுக்கு வந்துவிட்டது.

அம்மாவைப் பெண் கேட்டு வருகிறார்கள்.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அசுசேனா இந்தச் செய்தியைச் சொன்னதும் மகள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய், ஏரி பார்க்கும் மேட்டில் தெருவிளக்கு எரிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். அசுசேனாவுக்கு வயது ஐம்பத்தொன்று. கணவர் பெனித்தோ இறந்து ஒன்பது வருடம். கேட்டு வருகிறவர், ஊரார் மரியாதையாகத் 'தோன்' சேர்த்துக் கூப்பிடும் எவெனோர், ஊர் எல்லையில் செடி நர்சரி வைத்திருப்பவர். ஐம்பத்தாறு வயதாகியும் கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

முறைப்படி பெண்ணின் அப்பா அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அசுசேனாவின் அப்பா அம்மா இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்.

"அப்ப யாருகிட்டம்மா கேப்பாங்க?" என்று கேட்டிருந்தாள் நினோஸ்கா.

"உன்கிட்டதான். நீதான் என்னைக் கொடுக்கணும்."

அதோடு பேச்சு நின்றது. ஆறு நாள் இருவரும் உப்பு, சாவி, குடை என்று தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். நேற்று மாலைதான் நினோஸ்காவால் பொறுக்க முடியவில்லை.

"வர்றவங்களுக்கு என்ன குடுக்கப்போற?"

"நானே கொறிக்க ஏதாவது ரெண்டு போக்கா பண்ணிடறேன்."

அந்தப் பதில் நினோஸ்காவை உலுக்கிவிட்டது. அந்த வீட்டில் சமைத்தவர் அப்பா. மசாயா ஊருக்குப் பேருந்து ஓட்டிவிட்டு டீசல் வாடையோடு வந்து, கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்துவிடுவார். அவர் காலைச் சுற்றிச் சுற்றி நின்றே நினோஸ்காவுக்குச் சமையல் வந்தது. அம்மாவுக்கு வந்ததெல்லாம் அடுப்பில் வைத்ததைப் பாதியில் கருக்கிவிடுகிற கலை ஒன்றுதான்.

"நான் சமைக்கிறேன்" என்றாள் நினோஸ்கா. "சமைக்கிறேன்னுதான் சொன்னேன். கொடுக்கிறேன்னு சொல்லல."

"சரி" என்றாள் அசுசேனா, ரொம்பப் பணிவாக.

நினோஸ்கா எழுந்து உடுத்திக்கொண்டாள். அலமாரியைத் திறந்தபோது பள்ளிப் பதிவேட்டுக்கு அடியில் அந்தக் கடித உறையின் ஓரம் தெரிந்தது. ஒமெதெப்பே தீவிலிருந்து மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தது. தெற்கே பெரிய ஏரியின் நடுவில் இரண்டு எரிமலைகளோடு நிற்கிற தீவு அது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஆசிரியை வேண்டும், தங்க அறை உண்டு, அந்த வார வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. தபால் நிலையத்தைத் தாண்டி நடந்து வீட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை போய்விட்டது. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல இனி ஒன்றும் இல்லை.

அலமாரியைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

* * *

மரவள்ளிக்கிழங்கு வேக ஆரம்பித்ததும் அடுப்படிக்கு உள்ளேயும் ஒரு மேகம் வந்துவிட்டது. ஆவியில் சுவரில் தொங்கிய பாத்திரங்கள் மங்கின. நினோஸ்கா முட்டைக்கோஸை நூல் நூலாக அரிந்துகொண்டிருந்தாள். கத்தி பலகையில் படுகிற சத்தம் சீராக, தூக்கம் வருகிற மாதிரி இருந்தது.

"இது வீடா, குளியல் ரூமா? ஒண்ணும் தெரியலையே!"

திரான்சித்தோ சித்தி. அம்மாவின் தங்கை. கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். மசாயா சந்தைக்கு முதல் பேருந்தில் போய்ப் பொரித்த பன்றித்தோல் வாங்கி வந்திருந்தாள்.

"எங்கடி கல்யாணப் பொண்ணு?"

"தலைமுடிக்குச் சுருள் மாட்டிட்டிருக்கா."

"ஐம்பத்தொரு வயசுல சுருளா! எனக்கு நாப்பத்தேழு. எனக்கு ஒரு நர்சரிக்காரனும் வரலையே. ஒரு தொட்டி விக்கிறவன்கூட வரல." பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "என்னென்ன போக்கா?"

"விகோரோன், ரெப்போச்சேத்தா, தோஸ்தோன்."

"மூணும் பொரியலும் கொறியலுமா! அவரு வயிறு தாங்குமா?"

"போக்கான்னா ஒரு வாய்தானே சித்தி. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போவாங்க."

நினோஸ்காவின் கத்தி நின்றது. சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சும்மா சொன்னேன்டி."

"சும்மா சொல்லல. அதுதான் நடக்கப்போகுது."

அதற்குள் அசுசேனா வாசலில் வந்து நின்றாள். தலை முழுக்கச் சுருள்கள். அதன்மேல் ஒரு பூப்போட்ட துணி. பத்து நாள் முன்பு வரை காலையில் செருப்பைத் தேடிக்கொண்டு அலைந்தவள், இன்றைக்கு நின்ற இடத்திலேயே ஏதோ கேட்டுக்கொண்டிருப்பவள் போல நின்றாள்.

"நான் ஏதாவது செய்யட்டுமா?"

"வேண்டாம்மா."

"வெங்காயம் உரிக்கட்டுமா?"

"உரிச்சாச்சு."

"அப்ப நான் கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். மகளின் கையைப் பார்த்தாள். முட்டைக்கோஸ், தக்காளி, விரல் நீளப் பச்சைப் புளிப்புக்காய், வினிகர் எல்லாம் ஒரு சட்டியில் கலந்து ஊறிக்கொண்டிருந்தன. "உங்கப்பா மாதிரியே அரியற" என்றாள்.

நினோஸ்கா திரும்பவில்லை. அம்மாவும் சித்தியும் முன்வாசல் வழியாகப் போய் மேகத்துக்குள் கரைந்தார்கள். சித்தியின் சிரிப்பு மட்டும் தெருமுனை வரை கேட்டது.

* * *

வீடு அடங்கியது. அவரைக்கொட்டை வெந்து மசிந்து சட்டியில் குமிழ்விட்டது. நினோஸ்கா சோள மாவை உருட்டி, தட்டி, கல்லில் போட்டு எடுத்தாள். ரெப்போச்சேத்தாவுக்குச் சோள ரொட்டி மெல்லிசாக இருக்க வேண்டும். உள்ளே அவரையும் சீஸும் வைத்து மடித்து எண்ணெயில் போட்டால் ஓரம் மொறுமொறுப்பாகி நடு இளகி நிற்க வேண்டும். அடுக்கிவைத்த ரொட்டிகள் மேல் துணியைப் போர்த்தினாள். ஏழெட்டு வயதில் இந்தத் துணிச் சூட்டில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனது ஞாபகம் வந்தது. எழுப்பாமல் அப்பா அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைப்பார்.

பின்கதவு மெல்லத் தட்டப்பட்டது.

தோன் எவெனோர் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றி ஒரு கையில் பிடித்திருந்தார். இன்னொரு கையில் வாழையிலைக் கட்டு. இலைகளில் இன்னும் நீர் சொட்டியது. செருப்பு முழுக்கச் சேறு.

"இலை வேணும்னு திரான்சித்தோ சொன்னாங்க."

"அம்மா கோயில்ல இருக்கா."

"தெரியும். அதான் வந்தேன்."

"நாலு மணிக்குத்தானே வர்றதா இருந்தது?"

"நாலு மணிக்கு எங்கக்கா வருவா. அவ வாயைத் திறந்தா எனக்குப் பேச இடம் இருக்காது. உங்ககிட்ட ஒரு வார்த்தை தனியா சொல்லணும்."

இத்தனை வருடம் 'நீ' என்று கூப்பிட்டவர் இன்றைக்கு 'நீங்க' என்கிறார். நினோஸ்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பாதி கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"உள்ள வாங்க. செருப்பை அங்கயே விடுங்க."

வெறுங்காலோடு வந்தார். அவள் சொல்லாமலே ஓர் இலையை எடுத்து அடுப்புத் தீயின்மேல் மெல்ல நகர்த்தினார். பச்சை கருத்து, பளபளத்து, இலை துணி போலத் துவண்டது. அந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. கிழியாமல் வாட்டத் தெரிந்திருக்கிறது. கிழித்திருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"உங்கம்மாவை நான் ரெண்டு தடவை கேட்டிருக்கேன்" என்றார் இலையைப் பார்த்தபடியே. "முதல் தடவை மூணு வருஷம் முன்னாடி. ரெண்டாவது, போன ஈஸ்டருக்கு. ரெண்டு தடவையும் முடியாதுன்னுட்டா."

நினோஸ்காவுக்கு இது புதிது. "முடியாதுன்னாளா?"

"என் பொண்ணு இருக்கா, அவளை விட்டு வர மாட்டேன்னா. சரின்னு நான் விட்டுட்டேன். செடி மட்டும் கொண்டுவந்து வச்சுட்டுப் போவேன். அதுக்கு அவ ஒண்ணும் சொல்லல." அடுத்த இலையை எடுத்தார். "மூணு வாரத்துக்கு முன்னாடி, ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. குடை இல்லாம நர்சரிக்கு வந்து நிக்கிறா. தலையிலேர்ந்து தண்ணி வழியுது. 'இன்னும் கேக்கற எண்ணம் இருந்தா உங்க ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு முறையா வீட்டுக்கு வாங்க'ங்கறா. என்ன மாறிச்சுன்னு நான் கேக்கல. கேட்டா திரும்பிப் போயிடுவாளோன்னு பயம்."

மூன்று வாரம். செவ்வாய்க்கிழமை.

தீவிலிருந்து கடிதம் வந்தது திங்கட்கிழமை.

நினோஸ்கா கையிலிருந்த கத்தியைப் பலகைமேல் வைத்தாள். அம்மா அலமாரியைத் திறந்திருக்கிறாள். படித்திருக்கிறாள். மகளைக் கட்டிப்போட்டிருப்பது தான்தான் என்று நினைத்து, மறுநாளே மழையில் ஓடிப்போய்த் தன்னை ஓர் இடத்தில் ஒப்படைத்திருக்கிறாள்.

"உங்களுக்குத் தெரியுமா, என்ன மாறிச்சுன்னு?" தோன் எவெனோர் இப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணில் ஒரு சிறு பிள்ளையின் ஆவல்.

"தெரியாது" என்றாள்.

"போகட்டும். நான் சொல்ல வந்தது இதுதான். இன்னிக்கு நீங்க முடியாதுன்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனா சனிக்கிழமை செடி கொண்டுவர்றதை மட்டும் நிறுத்த முடியாது. கை பழகிடுச்சு."

வாட்டிய இலைகளை அடுக்கி, மடித்து, மேஜை ஓரத்தில் வைத்தார். வாசலில் சேற்றுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நாலடியில் மேகம் அவரையும் எடுத்துக்கொண்டது.

* * *

அதற்குப்பின் வேலை நடந்தது. எப்படி நடந்தது என்று பிறகு யோசித்தபோது நினோஸ்காவுக்குத் தெரியவில்லை. கிழங்கை இறக்கினாள், நாரை உருவினாள். வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் வினிகரில் போட்டாள். புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டு மண்குடத்தில் ஊற்றினாள். மேட்டுப் பக்கத்திலிருந்து மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தின் வாசிப்பு வந்தது. சுற்றுலாக்காரர்கள் வந்துவிட்டார்கள் போல. மேகம் அந்த இசையைப் பாதி விழுங்கிவிட்டு மீதியை அனுப்பியது. ஒரு பாட்டின் நடு, இன்னொரு பாட்டின் வால்.

இதற்கு எப்படிச் சம்மதம் சொல்வது? அம்மா தன்னையே விலையாக வைத்து மகளுக்குத் தீவை வாங்கித் தருகிறாள். அந்த மனிதரோ, பாவம், குடையில்லாமல் வந்தது தனக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு மணிக்கு மேல் அம்மாவும் சித்தியும் திரும்பி, குளித்து உடுத்தி அடுப்படிக்கு வந்தபோது மணி மூன்று. சுருள்கள் போய் முடி அலை அலையாகத் தோளில் விழுந்திருந்தது. மஞ்சள் சட்டை.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு. அதுக்கு முன்னாடி ஒண்ணாவது நான் பண்றேன். தோஸ்தோனை என்கிட்ட விடு. என்னைப் பாக்க வர்றாங்க, என் கை படாம ஒரு தட்டு போனா நல்லாவா இருக்கும்?"

"அம்மா, நான் கேக்க வந்தது..."

"எண்ணெய் காயுதுடி!" என்று சித்தி குறுக்கே விழுந்தாள். "பேசினது போதும். மணி ஓடுது."

தோஸ்தோன் செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வாழைக்காயைத் தடிமனாக வெட்டி ஒரு தடவை பொரித்து, எடுத்து நசுக்கி, மறுபடி பொரிக்க வேண்டும். அசுசேனா முதல் பொரிப்பை ஒழுங்காகவே செய்தாள். நசுக்கினாள். இரண்டாவது தடவை எண்ணெயில் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மேகம் லேசாகக் கிழிந்து அதன் வழியாக வெயில் ஒரு பட்டையாகத் தொட்டிச் செடிகள்மேல் விழுந்திருந்தது. அந்தச் செடிகளை எண்ணுகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா! கருகுது!"

எடுத்தபோது பாதி கறுப்பாகி இருந்தது. சித்தி தலையில் கைவைத்துக்கொண்டாள். வேறு வாழைக்காய் இல்லை. நல்லதை மேலே வைத்து, கருகியதைக் கீழே வைத்து, பொரித்த சீஸ் துண்டுகளால் மூடினார்கள்.

நினோஸ்கா கையைத் துடைத்துக்கொண்டு, சித்தியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று வாயெடுத்தாள்.

முன்கதவு தட்டப்பட்டது. நாலாக இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

* * *

தோன் எவெனோரின் அக்கா தோன்யா ஐதே ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. தம்பியை விட எட்டு வயது மூத்தவள். உள்ளே வந்ததும் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பெனித்தோவின் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்று தலை வணங்கினாள். அது நினோஸ்காவுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது பிடிக்கவில்லை.

தோன் எவெனோர் வெள்ளைச் சட்டையில், கழுத்துப் பொத்தான் வரை பூட்டி, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். காலையில் வெறுங்காலோடு அடுப்படியில் நின்ற மனிதரா இவர்?

முதலில் சாப்பாடு. விகோரோனுக்கு வாட்டிய இலையில் கிழங்கு, அதன்மேல் பன்றித்தோல், அதன்மேல் புளிப்பு ஊறிய கோஸ். தோன்யா ஐதே விரலால் எடுத்துச் சாப்பிட்டாள். ரெப்போச்சேத்தாவைக் கடித்ததும் சீஸ் நூலாக நீண்டது. அதை நாகரிகமாக அறுக்க வழி தெரியாமல் தவித்துக் கடைசியில் சிரித்துவிட்டாள்.

"யார் சமையல்?"

"என் பொண்ணு" என்றாள் அசுசேனா. "தோஸ்தோன் மட்டும் நான்."

உடனே தோன் எவெனோரின் கை தோஸ்தோன் தட்டுக்குப் போனது. அவசரத்தில் மேலே இருந்ததை விட்டுவிட்டு அடியிலிருந்து உருவிவிட்டார். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கடித்தார். மென்றார். மெல்வது மெதுவானது.

"இது கருகிப்போச்சு, அசுசேனா."

தோன்யா ஐதே தம்பியின் தொடையில் கிள்ளியது எல்லோருக்கும் தெரிந்தது.

அசுசேனா அவரைப் பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். இந்தச் சிரிப்பு இந்த வீட்டில் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது!

"பெனித்தோ பதினெட்டு வருஷம் இதைத் தின்னுட்டு 'அருமை அருமை'ன்னாரு" என்றாள். "பொய்னு எனக்குத் தெரியும். எத்தனை நாள்தான் சொல்றாரு பாத்துடலாம்னு நானும் விடாம பண்ணினேன். கடைசி வரைக்கும் மனுஷன் அசரல!"

நினோஸ்காவுக்கு முதலில் சுருக்கென்றது. அப்பாவை வைத்துச் சிரிக்கிறாளே! ஆனால் படத்திலிருந்த முகத்தைப் பார்த்தபோது, அப்பா இங்கே இருந்திருந்தால் எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்திருப்பார் என்று தோன்றியது. அவர்கள் இருவருக்கும் நடுவில் இப்படி ஒரு விளையாட்டு நடந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

தோன்யா ஐதே விரல்களைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். சிரிப்பு அடங்கியது.

"நினோஸ்கா, என் தம்பி எவெனோருக்காக நான் வந்திருக்கேன். அவனுக்குச் சொத்துன்னு பெருசா ஒண்ணும் இல்ல, செடிதான். கெட்ட பழக்கம் இல்ல. வாய் கொஞ்சம் போதாது, திறந்தா இப்படி ஏதாவது சொல்லித் தொலைப்பான். உங்கம்மா அசுசேனாவை அவனுக்குத் தரணும்னு மரியாதையோட உங்ககிட்ட கேக்கறேன்."

எல்லோரும் நினோஸ்காவைப் பார்த்தார்கள்.

"பதில் சொல்றதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க. அது முறைதான்."

அவள் அம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். "என் அலமாரியில ஒரு கடிதம் இருந்தது. படிச்சியா?"

அசுசேனாவின் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு போயிற்று. "படிச்சேன்."

"மறுநாள்தான் நீ நர்சரிக்குப் போன."

"ஆமா."

"நான் தீவுக்குப் போகணும்னு தானே இவரைக் கட்டிக்கிற?"

தோன் எவெனோர் கையிலிருந்த தோஸ்தோனை மெதுவாக இலையில் வைத்தார். "எந்தத் தீவு?" என்றார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல விஷயம் ஏறியது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"உக்காருங்க எவெனோர்" என்றாள் அசுசேனா. "எனக்கும் ஒரு பதில் சொல்ல உரிமை உண்டு இல்லையா?"

அவர் நின்றார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

"அந்தக் கடிதம் வராம இருந்திருந்தா மூணாவது தடவையும் நான் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். அது உண்மை" என்றாள் அசுசேனா, மகளைப் பார்த்து. "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, அவளுக்கு என்னை விட்டா யாருமில்லன்னு நான் சொல்லிட்டிருந்தேன். எனக்கு ஒரு அம்மா இருக்கா, அவளுக்கு என்னை விட்டா யாருமில்லன்னு நீ சொல்லிட்டிருந்திருக்க. அந்தக் கடிதத்தைப் படிச்சப்பதான் எனக்கு அது புரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். சரி, பொண்ணைக் காரணம் சொல்ல முடியாது, இப்ப உனக்கு என்னடி வேணும் அசுசேனான்னு என்னையே கேட்டேன்."

"என்ன வேணும்?"

"மழை பெய்யுதே, அவரோட பிகோனியாச் செடியெல்லாம் என்ன ஆச்சோன்னு பாக்கணும்னு இருந்தது. அவ்வளவுதான். குடை எடுக்கக்கூடத் தோணல." அவள் குரல் இறங்கியது. "உனக்காகத்தான் இத்தனை நாள் முடியாதுன்னு சொன்னேன், நினோஸ்கா. சரின்னு சொன்னது உனக்காக இல்ல."

திறந்திருந்த கதவு வழியாக மாலை மேகம் மறுபடி ஏறி வாசற்படியில் தயங்கி நின்றது. தோன் எவெனோர் உட்கார்ந்தார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

நினோஸ்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் ஏதோ கேட்டுக்கொண்டு நிற்கிறவள் போல நின்றது இதற்குத்தானா? பயத்தில் நிற்கிறாள் என்றல்லவா நினைத்தேன்! சந்தோஷத்தையும் சிலர் அப்படித்தான் அசையாமல் நின்று சுமக்கிறார்கள் போலிருக்கிறது.

"தர்றேன்" என்றாள்.

மறுபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்கம்மாவைத் தர்றேன், தோன்யா ஐதே. ஆனா சமையல் வராது. அப்புறம் திருப்பிக் கொண்டுவந்து விடக்கூடாது."

"என் தம்பிக்கும் வராதே!" என்றாள் தோன்யா ஐதே. "அப்ப இவங்க ரெண்டு பேருக்கும் யாரு சமைக்கிறது?"

நாலு பேரும் ஒரே சமயத்தில் நினோஸ்காவைப் பார்த்தார்கள்.

"என்னைப் பாக்காதீங்க. நான் தீவுக்குப் போறேன்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. சித்தி கையைத் தட்டினாள். அம்மா எழுந்து வந்து மகளின் கன்னங்களை இரு கையிலும் ஏந்தினாள். அந்தக் கைகளில் எண்ணெய் வாசனை.

அப்போதுதான் நினோஸ்காவுக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

"இல்ல" என்றாள். "போக முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேட்டிருந்தாங்க. நான் போடல."

அசுசேனா கைகளை எடுத்துக்கொண்டாள். சட்டை நுனியை இழுத்துவிட்டாள். சித்தியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"நான் போட்டுட்டேன்" என்றாள்.

"என்னது?"

"அந்த வாரமே வியாழக்கிழமை. உன் பேர்ல. உன் கையெழுத்து எனக்கு வராதா, நான்தானே உனக்கு எழுதவே சொல்லிக்கொடுத்தேன்."

தோன் எவெனோர் நெற்றியைச் சுருக்கினார். "வியாழக்கிழமையா? சான் ஹோர்ஹே படகுத்துறைக்கு நான் செடிக் கன்னு ஏத்திட்டுப் போறப்ப, படகுல கொடுத்துடுங்கன்னு ஒரு கவர் கொடுத்தியே... அதுவா?"

"அதுதான்."

"அதை நான் படகுக்காரன் கையிலேயே கொடுத்தேனே!"

"அம்மா" என்றாள் நினோஸ்கா. மற்றவர்கள் யாரும் அங்கே இல்லாதது போல அவளை மட்டும் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். "அதுல என்ன எழுதின?"

அசுசேனா ஒரு நாற்காலியை இழுத்து மகள் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல உக்காரு" என்றாள்.